செந்தட்டி உறங்கும் சத்திரம்

வாமங்கா, 5 மார்ச் 2017

கொமாத்ரே யானெத் அவர்களுக்கு,

கைபேசிக் குழுவை விட்டு விலகினீர்கள், சரி. என் எண்ணையும் தடுத்து வைத்தீர்கள், அதுவும் சரி. ஆனால் உங்கள் மகளின் ஞானஸ்நானத்தில் தொட்டியருகே நின்று அவள் தலையைப் பிடித்த ஞானத்தகப்பன் நான். அந்தக் கொம்பாத்ரே-கொமாத்ரே உறவைத் தடுக்கிற பொத்தான் எந்தக் கைபேசியிலும் இன்னும் வரவில்லை. ஆகவே காகிதம். நீங்கள் இப்போது இருக்கும் ஈக்காவுக்குப் போகும் பேருந்தின் பார்சல் கவுண்டரில் நேற்றே போய் விசாரித்தேன். "உள்ள உடையற சாமான் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "ஏற்கெனவே உடைஞ்சதுதாம்மா" என்றேன். சிரிக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் என் நகைச்சுவைக்கும் என் தலைமுடிக்கும் ஒரே கதி.

ஊர்ச் செய்தி: ரொட்டிக்கடை மருகா கணவரோடு மறுபடி சண்டை போட்டு மறுபடி சமாதானமானாள், சமாதானத்தில் அவருக்கு ஒரு பல் போயிற்று. ஓபெத்துக்குப் புனோவுக்கு மாற்றல். மே மாதம் போகிறான். போக்குவரத்துக் காவலர் ஒருவர் குறைவதால் வாமங்காவின் போக்குவரத்துக்கு ஒன்றும் ஆகாது, நம் சனிக்கிழமை மேசைக்குத்தான் ஆகும். நீங்களும் இல்லை, அவனும் போனால் மிச்சம் நானும் மருகாவும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் அதற்கு ஆட்டம் என்று பேரில்லை, வம்பு என்று பேர்.

போன வாரம் கண் பரிசோதனைக்கு வந்த ஒரு வக்கீல், என் கண்ணாடிக் கடையின் பின்னறையில் நம் மேசையைப் பார்த்துவிட்டு இது என்ன சூதாட்டமா என்றார். விளக்கினேன். நான் ஒரு ராஜ்யத்தைக் கற்பனை செய்து சொல்வேன். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்று இருபது முகப் பகடை சொல்லும். மற்ற ஊர்களில் டிராகனைக் கொல்வார்கள். எங்கள் ஆட்கள் மன்னர் தடைசெய்த நீலப்பாசியைக் கடத்துகிறார்கள். மூன்று ஊற்று என்ற மலைக் கிராமத்துப் பாறையில் முளைக்கிறது, சுமைகாரன் முதுகில் ஏறி ஊசிக்கணவாய் தாண்டுகிறது, தலைநகரத்தில் மந்திரவாதிகளின் மூக்கில் முடிகிறது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம பக்கத்துல இதைக் கற்பனை வேற பண்ணணுமா?" என்றார். நல்ல கேள்வி. பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மேசையின் சட்டம் உங்களுக்குத் தெரியும், இயற்றியதே நீங்கள். ஆள் வராவிட்டால் அவருடைய பாத்திரம் சத்திரத்தில் உறங்கும், மூட்டையை யாரும் தொடக் கூடாது, ஒருவர் உறங்கும்போது கதையை முடிக்கவும் கூடாது. உங்கள் தரகுக்காரி செந்தட்டி ஆகஸ்டிலிருந்து கணவாயடிச் சத்திரத்தில் உறங்குகிறாள். தலைமாட்டில் மூட்டை நிறையத் தங்கம். ஓபெத்தின் பாத்திரமான குள்ளன் அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறான்.

ஓபெத் போவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறோம். மன்னரிடம் பேசித் தடையை நீக்கி, பாசிக்கு உரிமம் வாங்குவது என்று திட்டம். பிறகு கடத்தல் இல்லை, காவல் இல்லை, மூன்று ஊற்று செழிக்கும். மருகா அழுவதற்கு இப்போதே கைக்குட்டை எடுத்து வைத்துவிட்டாள். இந்த வியாபாரக் கணக்கு சரியா? நம்மில் உங்களுக்குத்தான் புரியும்.

ஒரே ஒரு பகடைக்காக இத்தனை மாதக் கோபமா, கொமாத்ரே? செந்தட்டியை எழுப்பட்டுமா?

என் ஞானமகள் லுஸ்மிலாவுக்கு முத்தம்.

கசியானோ


ஈக்கா, 14 மார்ச் 2017

கொம்பாத்ரே,

கடிதம் கிடைத்தது. மழையில் சாலை அறுந்து தாமதமாக வந்தது, உறையில் பாதி சேறு. லுஸ்மிலா நலம். நான் திராட்சைக் கொட்டகையில் வேலை செய்கிறேன். குலையைக் கையில் பிடித்து, கெட்ட பழத்தை மட்டும் கத்தரியால் வெட்டிப் போட வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கணக்கு தப்பு. முதல் நாளும் தப்பாகத்தான் இருந்தது. தலைநகரத்தில் பாசிக்குத் தங்க விலை, அதனால் மூன்று ஊற்றுக்காரன் வெள்ளித் தட்டில் சாப்பிடுகிறான் என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறியது. உங்கள் ராஜ்யத்தில் டிராகன் பறக்கலாம், விவசாயி வெள்ளித் தட்டில் சாப்பிடுவதை நம்ப முடியாது.

அந்த விலை பயத்தின் விலை. பாறையில் இருக்கும்வரை பாசிக்குப் பயமில்லை, ஆகவே விலையும் இல்லை. கணவாய் தாண்டினால் ஏறும். நகர வாசல் தாண்டினால் இன்னும் ஏறும். ஏறினதெல்லாம் நடக்க வைத்தவனுக்கு. நடந்தவனுக்குக் கூலி.

தடையை எடுத்தால் பயம் போகும், அதோடு விலை போகும். சமவெளியில் நிலம் வைத்திருக்கும் பிரபுக்கள் பந்தல் போட்டுப் பாசி வளர்ப்பார்கள். மூன்று ஊற்றுக்குப் பாறைதான் மிஞ்சும். மருகா கைக்குட்டையை எடுத்து வைத்தது வீண் போகாது.

பிறகு ஏன் பாசி வளர்க்கிறார்கள் என்பீர்கள். அதை வாங்குகிறவன் ஒருவன்தான் வீட்டு வாசல்வரை வருகிறான். மற்ற விளைச்சலை வாங்க எந்த வண்டியும் வருவதில்லை. ஒரு ஆளின் முதுகில் ஏறி மலை தாண்டக் கட்டுப்படியாகிற சரக்கு அங்கே அது மட்டும்தான்.

பகடைக்காகக் கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். செந்தட்டி உறங்கட்டும்.

யானெத்


வாமங்கா, 21 மார்ச் 2017

கொமாத்ரே,

உங்கள் கணக்கை மேசையில் வாசித்தேன். மருகாவின் கைக்குட்டை நனைந்தது. ஓபெத், "அப்ப இத்தனை நாளா நாம யாருக்கு உழைச்சோம்?" என்று கேட்டான். காவல்துறையில் இருப்பவன் எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பிறகு அவன் கிளம்பினதும் மருகா போகாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் போகாமல் உட்கார்ந்தால் ஏதோ வம்பு இருக்கிறதென்று அர்த்தம். நானும் ஆவலாக நாற்காலியை இழுத்துப் போட்டேன், அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. சந்தையில் மிளகாய் விற்கும் உங்கள் சித்தி அவளிடம் சொன்னாராம். உங்களுக்கு ஒரு தம்பி இருந்தான், யானாமயு பள்ளத்தாக்கிலிருந்து போதைச் சரக்கு மூட்டை சுமந்து மலை ஏறப் போனான், திரும்பவில்லை. எலாடியோ என்று பேர்.

இந்த ஊரில் யார் வீட்டில் யார் தும்மினாலும் எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். பல் போன கதை தெரியும். பக்கத்து நாற்காலியில் வாரா வாரம் உட்கார்ந்தவர் வீட்டுக் கதை தெரியவில்லை.

அந்த ஆகஸ்டு சனிக்கிழமையை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நான் குரல் கொடுக்கும் சீழ்க்கை என்ற சுமைகாரன் மூட்டையோடு ஊசிக்கணவாய் ஏறுகிறான். வழக்கமாக எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் தாண்டிவிடுவான். அன்று காவல் பலம், பதினைந்து வேண்டும் என்றேன். பதினொன்று விழுந்தது. நான் குரலைத் தாழ்த்தி, கையை விரித்து, பனி, அம்பு, உருளும் மூட்டை என்று ஒன்று விடாமல் அவன் சாவைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், மருகா கைதட்டினாள். "இன்னொரு தரம் உருட்டுங்க" என்றீர்கள். "விழுந்தது விழுந்ததுதான்" என்றேன், அதுவும் மேசையின் சட்டம்தானே. "ஒரே ஒரு தரம், கொம்பாத்ரே" என்றீர்கள். நான் சிரித்தேன். சரக்குப் போன வருத்தம் என்று நினைத்தேன். செந்தட்டி தரகுக்காரி அல்லவா.

அந்தச் சீழ்க்கையை என் சொந்தப் படைப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இடது செருப்புக்கு மட்டும் இரட்டை முடிச்சு போடுவான். ஆரஞ்சுத் தோலை அறாமல் உரித்துக் காதில் மாட்டிக்கொள்வான். மணி என்ன என்று கேட்டால், எந்த வேளையானாலும், "சாப்பாட்டு நேரம்தான்" என்பான். இப்போது யோசித்தால் ஒன்றுகூட என்னுடையதில்லை. எல்லாம் நீங்கள் மேசையில் வேடிக்கையாகச் சொன்னவை. உங்கள் தம்பியைத் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்து, பொம்மை செய்து, மலையிலிருந்து தள்ளிவிட்டேன். "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா" என்று அடுத்தவர் கண்ணைக் கேட்டே பிழைக்கிறவன், உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

ஒரு தரம் உருட்ட விட்டிருந்தால் என் ராஜ்யம் கவிழ்ந்தா போயிருக்கும்?

பதில் எழுத வேண்டாம். செந்தட்டி உறங்கட்டும். கதையை முடிக்காமலே ஓபெத்தை வழியனுப்புகிறோம்.

கசியானோ


ஈக்கா, 2 ஏப்ரல் 2017

கொம்பாத்ரே,

பொறுக்கி எடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. நான்தான் கொடுத்தேன்.

ஒரு சுமைகாரனைக் கொண்டுவந்து நிறுத்திட்டு அவனை என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சீங்க. இடது செருப்புக்கு ரெட்டை முடிச்சு போடுவான்னு நான் சும்மா எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் மறக்காம முடிச்சு போட்டீங்க. அப்புறம் ஆரஞ்சைக் கொடுத்தேன். அப்புறம் சாப்பாட்டு நேரம். ஒவ்வொண்ணா, யாருக்கும் தெரியாம. உங்க குரல் அவன் குரல் மாதிரியே இல்ல. அவனுக்குக் கட்டைக் குரல், நீங்க மூக்கால பேசுவீங்க. ஆனாலும் "சாப்பாட்டு நேரம்தான்"னு நீங்க சொல்றப்ப நான் மேசைக்கு அடியில கையைக் கோத்துப் பிடிச்சுக்குவேன். மத்தவங்க ஆட வந்தாங்க. நான் அவன் பேசுறதைக் கேக்க வந்தேன். உங்க மேசையில அவனுக்கு வயசு ஏறிக்கிட்டு இருந்துச்சு.

காப்பிச் செடிக்கு மஞ்சள் நோய் வந்த வருஷம் அவனுக்குப் பத்தொம்பது. எங்கப்பா செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு உக்காந்துட்டார். அந்த மாசம் ராணுவம் எங்கேயோ போதைச் சரக்கைக் கொளுத்துச்சு. சரக்கு குறைஞ்சு விலை ஏறிச்சு, மலைப் பாதையில காவலுக்கு ஆளும் நிறுத்தினாங்க. விவரம் தெரிஞ்ச சுமைகாரங்க வீட்டோட இருந்துட்டாங்க. அதனால கூலி ஏறிச்சு. கூலி ஏறினதால இவன் போனான். செருப்பைக் கட்டிக்கிட்டிருந்தப்ப, எப்படா வருவேன்னு கேட்டேன். "சாப்பாட்டு நேரத்துக்கு"ன்னான். எந்தச் சாப்பாட்டு நேரம்னு சொல்லல. எங்கம்மா இன்னும் ஒரு தட்டு அதிகமா வைக்கிறாங்க.

எனக்கு அந்த வியாபாரம் எப்படித் தெரியும்னு நீங்க யாரும் கேக்கல. இப்படித்தான் தெரியும். தெரிஞ்சதை வச்சு மேசையில கெட்டிக்காரி ஆனேன். எதிராளியோட பாசிப் பாறையைக் காவலுக்குக் காட்டிக் கொடுத்து எரிக்க வைப்போம், நம்ம சரக்கு விலை ஏறும்னு யோசனை சொன்னது யாரு? செந்தட்டி. ஓபெத் எழுந்து நின்னு கும்பிட்டான். விலை ஏறிச்சு. நம்ம மூட்டை நிறைஞ்சுச்சு. அதுக்கப்புறம்தான் கணவாயில காவல் கூடிச்சு, எட்டு பதினஞ்சாச்சு.

பதினொண்ணு விழுந்துச்சு, கொம்பாத்ரே. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா பதினொண்ணுலயே அவன் தாண்டியிருப்பான்.

இதை உங்ககிட்ட சொல்லப் பிடிக்காமத்தான் எண்ணைத் தடுத்தேன். உங்க மேல கோபம்னு நீங்க நினைச்சது எனக்கு வசதியா இருந்துச்சு.

செந்தட்டியை எழுப்புங்க. அவளுக்கு ஒரே ஒரு வேலை இருக்கு. மூட்டையைப் பிரிச்சு மொத்தத் தங்கத்தையும் கொட்டி, மூணு ஊத்துக்குக் கீழ இருக்கிற ஆத்துல பாலம் கட்டணும். மாட்டு வண்டி போற அகலத்துல, கல்லுல. அந்த ஊர்ல உருளைக்கிழங்கு நல்லா விளையும்னு முதல் நாளே ஒரு வார்த்தை சொன்னீங்க, மறந்திருப்பீங்க. வண்டி போனா, கிழங்கு வாங்குறவனும் வாசலுக்கு வருவான். சரக்கைச் சுமக்க முதுகு தேட வேண்டியிருக்காது.

ஓபெத் முனகுவான். முனகட்டும். கல் தூக்கச் சொல்லுங்க.

யானெத்


வாமங்கா, 23 ஏப்ரல் 2017

கொமாத்ரே,

புனித வாரக் கூட்டம் வடிந்து, கடைக்குள் கொட்டிக் கிடந்த மெழுகைச் சுரண்டி முடித்து, நேற்றுதான் மேசை போட்டோம்.

உங்கள் கடிதத்தில் பாலத்தைப் பற்றிய பகுதியை மட்டும் வாசித்தேன். மற்றது என் சட்டைப்பையில் இருக்கிறது. என் பையிலிருந்து ஒரு செய்தி வெளியே போகாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. மருகா மோப்பம் பிடித்தாள், கேட்கவில்லை. அவளுக்கும் இது முதல் தடவை.

செந்தட்டி எழுந்தாள். சத்திரக்காரன் எட்டு மாத வாடகை கேட்டான், முறைத்தாள், விட்டுவிட்டான். மூட்டையைப் பிரித்துப் பாலம் என்றதும் ஓபெத்துக்கு முகமே செத்துவிட்டது. "ஒரு வாள் கூட இல்லையா? கடைசி நாள்ல கொத்தனார் வேலையா?" என்றான். "கல் தூக்கு" என்றாள் மருகா. ஆட்டத்தில் அவள் மந்திரவாதி, கல்லைப் பறக்க வைக்கலாம். ஆனால் பாசியை விட்டு மூன்று வாரமாகிறது, கை நடுங்கி ஒரு கல்லை ஓபெத்தின் கால் மேல் இறக்கினாள். பழைய கூட்டாளிகளான பாசி முதலாளிகள் ஆளனுப்பி மிரட்டினார்கள். குள்ளன் அவர்களிடம் பேசி, பயமுறுத்தி, கடைசியில் அவர்களையும் சாரம் கட்ட வைத்தான். போக்குவரத்துக் காவலின் அனுபவம் என்று நினைக்கிறேன். மாலைக்குள் வளைவு மூடியது. மூன்று பேருக்கும் உண்மையிலேயே தோள் வலித்தது.

பிறகு மழைக்காலம் வர வேண்டும். பாலம் நிற்குமா என்று ஒரு பகடை. பத்து விழுந்தால் நிற்கும் என்று முன்பே சொல்லிவிட்டேன். பகடையைக் கையில் எடுத்தேன். ஓபெத், "உருட்டுங்க தலைவரே" என்றான். உருட்டவில்லை. எனக்குக் கை வரவில்லை, கொமாத்ரே. விழுந்தது விழுந்ததுதான் என்று இனி ஒரு தடவை என்னால் சொல்ல முடியாது. அப்படியே உறையில் போட்டிருக்கிறேன், கடிதத்தோடு குலுங்குவது அதுதான். அன்றைக்கு விழுந்த அதே பச்சைப் பகடை. பாலம் உங்களுடையது. நீங்கள் உருட்டி, விழுந்ததை எழுதுங்கள்.

கவுண்டர் பெண் "உள்ள உடையற சாமானா?" என்று கேட்டால் இந்த முறை தெரியாது என்றுதான் சொல்வேன்.

ஓபெத் ஆறாம் தேதி காலை போகிறான்.

கசியானோ


ஈக்கா, 1 மே 2017

கொம்பாத்ரே,

இன்னிக்குக் கொட்டகை விடுமுறை. லுஸ்மிலாவை மே தின ஊர்வலம் பாக்க அனுப்பிட்டு, சமையல் மேசையைத் துடைச்சு உருட்டினேன்.

ரெண்டு.

இங்க ஒருத்தரும் பாக்கல. பதினெட்டுன்னு எழுதியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்க, மருகா அழுதிருப்பா, ஓபெத் சந்தோஷமாப் புனோ போயிருப்பான். பேனாவை எடுத்துப் பதினெட்டுன்னு எழுதவும் எழுதினேன். அந்தத் தாளைக் கிழிச்சுட்டேன். எங்க பள்ளத்தாக்குல கட்டின பாலங்களும் ரெண்டு விழுந்த பாலங்கதான். முதல் மழையில போனதை நானே பார்த்திருக்கேன்.

அப்புறம் மறுபடி உருட்டினேன். சட்டத்தை மீறித்தான். கேக்க ஒருத்தரும் இல்ல. ஒரே ஒரு தரம்.

பதினேழு.

ரெண்டையும் எழுதுங்க, ஒண்ணை மறைக்காதீங்க. முதல் மழையில பாலம் போயிடுச்சு. மூணு ஊத்து ஜனங்க சேறு வடியக் காத்திருந்து மறுபடி கட்டினாங்க. செந்தட்டியும் கல் தூக்கினா, இந்தத் தடவை தங்கம் இல்லாம. அது நின்னுச்சு. இன்னமும் நிக்குது. அதோட கதையை முடிச்சுக்கலாம். யாரும் உறங்கல.

ஒரு ஊருக்கு ரெண்டு தரம் உருட்டலாம் போல. பாலத்துக்கு உருட்டலாம். எலாடியோவுக்கு ஒரு தரம்தான் விழுந்துச்சு, அதை எந்த மேசையிலயும் திருப்ப முடியாதுன்னு எனக்குத் தெரியும். பகடையை நானே வச்சுக்கிறேன்.

உங்க எண்ணைத் தடுத்ததை எடுத்துட்டேன். ஆனா கடிதமே எழுதுங்க. கைபேசியில நீங்க அனுப்புற படங்களை என்னால தாங்க முடியாது.

முதல் வண்டி கிழங்கு ஏத்திக்கிட்டு பாலத்தைத் தாண்டுற இடத்தை நீங்களே சொல்லுங்க, சனிக்கிழமை, ஓபெத் கிளம்பறதுக்கு முன்னாடி. வண்டிக்காரனுக்குப் பேர் வைக்க வேண்டாம். முகம் வேண்டாம். கட்டைக் குரல்ல பேச முயற்சி பண்ணுங்க, வராது, பரவாயில்ல. அந்தக் கரையில யாராவது அவன்கிட்ட மணி கேக்கட்டும்.

என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும்.

யானெத்